யோசேப் அண்ணையும் முதலாம் சட்டமும்

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தபோது ஹன்னா அழைத்தாள். யோசேப் அண்ணையின் மகள். "அப்பா காலமை போயிட்டார். நாளையிண்டைக்கு அடக்கம்" என்றாள். ஆறுதலாக ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ "அவ்வளவு கெதியாவோ?" என்றுதான் வாயில் வந்தது. நம்மிடையே ஒரு சாவு என்றால் கனடாவிலிருந்து தம்பி வர வேண்டும், லண்டனிலிருந்து மச்சாள் வர வேண்டும். அண்ணையின் ஆட்கள், யூதர்கள், யாருக்காகவும் காத்திருப்பதில்லை. வெங்காயம் கருகிப்போய், அன்று மதியச் சாப்பாடு எல்லோருக்கும் பிந்தியது.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. இதை எழுதுவதற்குள்ளும் பலமுறை எழுந்து நடந்துவிட்டேன். துக்கம் மட்டுமென்றால் அழுது தீர்த்திருக்கலாம். எனக்கும் அவருக்கும் ஒரு வழக்கு இருந்தது. அது முடியாமல் மனிதர் போய்விட்டார்.

ஜேர்மனியில், இந்தக் கொலோன் நகரத்தில் நம்மவர்கள் பலருக்கு அவரைத் தெரியும். எங்கள் முதியோர் இல்லத்தில் ஹவுஸ்மைஸ்டராக இருந்து, குழாய் முதல் கூரை வரை எல்லாவற்றையும் பழுதுபார்த்தவர். உக்ரைனின் ஒடெஸாவிலிருந்து வந்த யூதர். ஓய்வு பெற்றபின் பக்கத்துத் தெருச் சமூக நிலையத்தில் புதன்கிழமை மாலைகளில் யூதர் அல்லாதவர்களுக்கென்று ஒரு சிறிய வகுப்பு நடத்தினார். நானும் அவரும் பேசியது ஜேர்மனில்தான். இருவருடைய ஜேர்மனும் ஒரே மாதிரி நொண்டும். ஆனால் இப்போது அவர் குரல் எனக்குத் தமிழில்தான் கேட்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

மனிதகுலம் முழுவதற்கும் கடவுள் ஏழு சட்டங்கள் தந்திருக்கிறார் என்பது அவர்கள் மரபு. வெள்ளத்திலிருந்து தப்பிய நோவாவின் பிள்ளைகள்தானே நாம் எல்லோரும் என்பார். சிலைகளை வணங்கக் கூடாது, கடவுளைப் பழிக்கக் கூடாது, கொல்லக் கூடாது, திருடக் கூடாது, தகாத உறவு கூடாது, உயிரோடிருக்கும் விலங்கின் உறுப்பை அறுத்துத் தின்னக் கூடாது. ஏழாவது மட்டும் செய்யச் சொல்வது: நீதிமன்றம் அமைக்க வேண்டும். "ஆறு சட்டம் உன்ர கையைக் கட்டுது. ஏழாவது உன்னை எழும்பி நில் எண்டுது" என்பார். வாரம் ஒரு சட்டமாக வாசித்து, முடிந்ததும் மறுபடி தொடங்குவோம்.

மதம் மாற்ற வருபவர்கள் நமக்கு நன்றாகப் பழக்கம். கதவைத் தட்டித் துண்டுப் பிரசுரம் தந்து, காலை உள்ளே வைத்துவிடுவார்கள். இவர் அதற்கு நேர்மாறு. எங்கள் தமிழ்ச் சங்கத்துத் தலைவர் ஒருமுறை வகுப்புக்கு வந்து, "அப்ப நாங்களும் யூதராக மாறலாமோ?" என்று கேட்டார். யோசேப் அண்ணை பதறிப்போனார். "ஏன் ஐயா உங்களுக்கு இந்தக் கரைச்சல்? எங்களுக்கு அறுநூற்றுப் பதின்மூன்று கட்டளை. ஏழோட தப்பின ஆள் ஆராவது இன்னும் தா எண்டு கேப்பாரோ?" தலைவர் வீடு போகும்வரை சிரித்தார்.

ஆறாவது சட்டம் வந்த புதன்கிழமை எனக்குப் பொறி தட்டியது. "அண்ணை, உயிர் நண்டு கிடைச்சா நாங்கள் முதல் காலைத்தான் முறிக்கிறனாங்கள். அது குற்றமோ?" என்று கேட்டேன். அவருக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் பழக்கம் அவரிடம் இருந்ததில்லை. தங்கள் மதகுருவான ரபியிடம் கேட்டு அடுத்த வாரம் வந்தார். "சட்டம் விலங்கையும் பறவையையும் பற்றித்தான் சொல்லுது. நண்டு அதுக்குள்ள வராது. நீர் பயப்பிடாதேயும்." பிறகு கண்ணாடியைத் துடைத்தபடி, "ஆனா நண்டுக்கு அது தெரியாது" என்றார். அன்றிலிருந்து நான் முதலில் நண்டைக் கொன்றுவிட்டுத்தான் காலில் கை வைக்கிறேன்.

எங்கள் வழக்கு தொடங்கியது ஒரு பொங்கல் விழாவில். சங்கத்தின் அழைப்பை ஏற்று வந்தவர், மண்டபத்தில் பூசை தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விட்டார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தீபாராதனை முடியும்வரை குடையைப் பிடித்தபடி வாசலுக்கு அப்பால் நின்று, முடிந்ததும் சிரித்த முகமாக உள்ளே வந்தார். பொங்கலையும் தொடவில்லை, வாழைப்பழம் மட்டும் தானே உரித்துச் சாப்பிட்டார். "எங்கட கையால சாப்பிடேலாத ஆளை ஏன் கூப்பிட்டனீர்?" என்று ஓர் அக்கா என் காதைக் கடித்தார். எனக்கும் முகம் சுருங்கிவிட்டது. சாப்பாட்டுக்கு அவர்களுக்குத் தனி விதிகள் உண்டு, அதை நான் அறிவேன். வாசலுக்கு வெளியே நின்றதுதான் என்னை உறுத்தியது.

அடுத்த நாளே கேட்டேன். "நான் ஒவ்வொரு நாளும் பிள்ளையாருக்கு விளக்கு வைக்கிறன். உங்கட முதலாம் சட்டப்படி நான் குற்றவாளியோ? ஓம் எண்டால் ஓம் எண்டு சொல்லுங்கோ." அவர், "இது பெரிய கேள்வி, படிச்சிட்டுச் சொல்லுறன்" என்றார். படித்தார், படித்தார், வருடக்கணக்காகப் படித்தார். நானும் விடவில்லை. கடவுள் ஒன்றுதான், உருவந்தான் பல என்று நான் வாதாட, அவர் தாடியைத் தடவிக்கொண்டு "அதையும் யோசிக்கிறன்" என்பார். சட்டம் அவருடையது, அதில் உனக்கு என்ன என்று என் கணவர் கேட்பார். நான் மதிக்கும் மனிதர் மனதில் நான் எந்த இடத்தில் இருக்கிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

போன மாதம் வைத்தியசாலையில் பார்க்கப் போனேன். மெலிந்து, தலையணையில் பாதி புதைந்து கிடந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே தொடங்கினார். "மலர், எங்கட அறிஞர்கள் சிலபேர் உமக்கு ஒரு கதவு திறந்து வைச்சிருக்கினம். உருவங்களுக்கு ஊடாக ஒரே கடவுளைக் கும்பிடுற மற்றச் சனத்தில குற்றமில்லை எண்டு சொல்லுறவை இருக்கினம். அந்தக் கதவால உம்மைக் கூட்டிக்கொண்டு போக எவ்வளவோ பாத்தன். என்ர மனம் ஒப்பேல்லை. நான் படிச்ச அளவில, ஓம், அது பிழை." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஆனா என்னை ஒரு நாள் ஆராவது விசாரிக்கிறதெண்டால், நீதிபதியாக உம்மைத்தான் கேப்பன். ரெண்டும் உண்மை. ரெண்டையும் சேத்துத் தைக்க எனக்கு ஏலாமல் போச்சு."

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "இதைச் சொல்ல இவ்வளவு காலமோ?" என்றேன். "சொன்னால் நீர் வகுப்புக்கு வராமல் விட்டிடுவீர் எண்டு பயம்" என்றார். "வராமல் விடமாட்டன். சண்டை பிடிக்க எண்டாலும் வருவன்." அவர் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. தாதி என்னை வெளியே போகச் சொன்னார்.

அடக்கத்துக்கு ஒரு பெரிய மாலையோடு போனேன். வேறு எப்படிப் போவது? யூதர் கல்லறைக்குப் பூ கொண்டுவரும் வழக்கமில்லை என்று வாயிலில் நின்றவர் தாழ்ந்த குரலில் சொன்னார். சாவுக்கு வாங்கிய மாலையைக் கோயிலுக்கும் கொண்டுபோக முடியாது. அவருடைய கடவுளுக்கும் ஆகாமல் என்னுடைய கடவுளுக்கும் ஆகாமல் அது என் கையில் கனத்தது. ஹன்னா அதை வாங்கித் தன் காருக்குள் வைத்தாள். குழியில் எல்லோரும் மண் போட்டார்கள். மண்வெட்டியை ஒருவர் கையிலிருந்து மற்றவர் வாங்குவதில்லை. போட்டவர் அதை மண்ணில் குத்திவிட்டுப் போக, அடுத்தவர் தானாக எடுக்க வேண்டும். என் முறை வந்தபோது நானும் எடுத்தேன்.

நேற்று வகுப்புத் தோழி இங்க்ரிட் தொலைபேசினார். ஓய்வுபெற்ற தபால்காரி, நல்ல மனம். அவர் இல்லாமலே நாங்கள் தொடரும் வகுப்பில் வரும் புதன்கிழமை மறுபடி முதலாம் சட்டம். மற்ற ஆறையும் எங்களை முறைவைத்து வாசிக்கவிட்ட யோசேப் அண்ணை, இதை மட்டும் எப்போதும் தானே வாசிப்பார். அந்த வரி என் வாயிலிருந்து வரக்கூடாதென்று அவர் பார்த்துக்கொண்டது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. "உமக்குக் கஷ்டமாயிருக்கும், இந்த முறை அதை விட்டிட்டு இரண்டாவதில தொடங்குவமோ?" என்று இங்க்ரிட் கேட்டார்.

வேண்டாம் என்றேன். என்னை இழந்துவிடுவோமோ என்று அவ்வளவு பயந்தும் கடைசியில் என்னிடம் பொய் சொல்லாமல் போன மனிதர் அவர். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த "ஓம், பிழை" என்ற பதிலைத்தான். அதை மெருகேற்றி இனிப்பாக்கிக்கொள்ள எனக்கு மனமில்லை. புதன்கிழமை வழக்கம்போலப் பிள்ளையாருக்கு விளக்கு வைத்துவிட்டு, நெற்றியில் திருநீறோடு போய், முதலாம் சட்டத்தை நானே சத்தமாக வாசிப்பேன். பிறகு எனக்கு இதில் மறுப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எழுந்து நின்று வாதாடுவேன்.