மரக்காணம் உப்பளம்: வெள்ளையை வெள்ளையாக எடுக்கப் போன கதை

கோவளம் கடற்கரை பற்றி எழுதிய பதிவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "வெயிலில் மணலை எடுத்தால் போனில் சாம்பல் நிறமாக வருகிறதே, ஏன்?" நல்ல கேள்வி. வீட்டில் உட்கார்ந்து பதில் எழுதியிருக்கலாம். ஆனால் எனக்கு எதையும் செய்து காட்டினால்தான் திருப்தி. மணலைவிட வெள்ளையான இடம் ஒன்று வேண்டும் என்று யோசித்தபோது மரக்காணம் உப்பளம் நினைவுக்கு வந்தது. ஏப்ரல் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன். வந்ததும் எழுதவில்லை. பதிவு எங்கே என்று கேட்டவர்களிடம் ஆபீஸில் வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வேலை வழக்கம்போலத்தான் இருந்தது. வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை.

முதலில் வழி. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி போகும் பேருந்துகள் மரக்காணத்தில் நிற்கும். சுமார் 120 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காலையில் கிளம்பினால் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிடும், உப்பு வாருபவர்களும் பாதி வேலையை முடித்திருப்பார்கள். அதனால் நான் சனிக்கிழமையே போய் புதுச்சேரிக்குப் பக்கத்தில் இடையஞ்சாவடியில் ஒரு தோழி வீட்டில் தங்கினேன். ஞாயிறு காலை ஐந்தேகாலுக்கு அவளுடைய ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெட்ரோல் 150 ரூபாய்க்குப் போட்டேன், திரும்பி வரும்போதும் மிச்சம் இருந்தது. அனுமந்தை தாண்டி ஒரு கடையில் டீ குடித்தேன், 12 ரூபாய். டீ சுமார்தான்.

மரக்காணம் ஊரைத் தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் பாத்திகள் ஆரம்பித்துவிடும். கடல்நீர் கட்டிய பாத்திகள், நடுவில் ஒற்றை ஆள் நடக்கிற அளவு வரப்பு, வரப்போரம் குவித்த உப்பு. வண்டியை ஓரம் கட்டியதும் போனை நீட்டாதீர்கள். இறங்கி, யாராவது ஒருவரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். வரப்பைவிட்டு இறங்கக் கூடாது. உங்கள் செருப்புச் சேறு ஒரு பாத்தி உப்பைப் பழுப்பாக்கிவிடும்.

நான் கேட்டது அஞ்சலை அக்காவிடம். ஐம்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. நீளக் காம்பு போட்ட மரப்பலகையால் பாத்தியின் அடியில் படிந்த உப்பைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"எட்துக்கோம்மா. காசா பணமா" என்றார். "என்னாத்துக்கு இவ்ளோ காலையில?"

போன் கேமராவைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். அவருக்கு அதில் பெரிய ஆர்வம் வந்ததாகத் தெரியவில்லை.

சரி, பாடத்துக்கு வருவோம். போன் ஆட்டோ மோடில் இருக்கும்போது எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். எதிரே முழுக்க உப்பு என்றால், "ஐயோ, ரொம்ப வெளிச்சம்" என்று பயந்து படத்தை இருட்டாக்கும். உப்பு சாம்பலாக வருவது அதனால்தான். எல்லா அளவையும் நாமே வைக்கிற ப்ரோ மோடுக்குப் போய், ஐ.எஸ்.ஓ. என்கிற ஒளி உணர்திறனை 50இல் நிறுத்துங்கள். என் போன் ஆட்டோவில் ஷட்டர் வேகம் 1/3000 என்று காட்டியது. அதை 1/1500க்கு இறக்கினேன், இரண்டு மடங்கு வெளிச்சம் உள்ளே வந்தது. உப்பு உப்பாக வந்தது, ஒவ்வொரு பரலும் தெரிந்தது. அடுத்து ஒயிட் பேலன்ஸ், வெள்ளையை வேறு சாயல் இல்லாமல் காட்டுகிற அளவு. ஆட்டோவில் விட்டால் வானத்தின் நீலத்தைத் தூக்கி உப்பின்மேல் பூசும். 5300இல் வைத்தேன். இந்த இரண்டு எண்களையும் மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன்.

ஏழரை மணி வாக்கில் அஞ்சலை அக்காவின் மகள் பவித்ரா தூக்குவாளியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தாள். இருபத்து நான்கு வயது, புதுச்சேரியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. ஞாயிறு விடுமுறை. அம்மாவைப் போலவே நல்ல கருப்பு, என்னைப் போலவும். என்னையும் உட்காரச் சொன்னார்கள். புளிச்சோறும் நெத்திலிக் கருவாடும். சாப்பிட்டுக்கொண்டே நான் எடுத்த படங்களைப் பவித்ரா பார்த்தாள். "எங்கம்மாவ அப்பிடியே எட்துருக்கீங்கக்கா" என்றாள்.

அக்கா உடனே சொன்னார்: "அப்பிடின்னா உன்ன ஒண்ணு எடுக்கச் சொல்லேன். சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்னு உங்க அத்த உயிர வாங்குதே."

அனுப்ப வேண்டியது மாப்பிள்ளை வீட்டுக்கு. செய்யூர்ப் பக்கம் ஒரு வரன், அத்தை பார்த்துச் சொன்னது. பவித்ராவிடம் ஏற்கெனவே ஸ்டுடியோவில் எடுத்த படம் ஒன்று இருந்தது. அதை அனுப்ப மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள். ஏனென்று கேட்டேன். போனில் எடுத்துக் காட்டினாள். நமக்கெல்லாம் தெரிந்த படம்தான். முகம் மட்டும் மாவு பூசின மாதிரி, கை வேறு யாருடையதோ.

"தை மாசம் ஒரு வீட்லேர்ந்து இத பாத்துட்டு வந்தாங்கக்கா. பஜ்ஜி, கேசரி எல்லாம் சாப்ட்டாங்க. கெளம்பறப்ப வாசல்ல நின்னு அந்தம்மா சொல்லுது, போட்டோவுல வேற பொண்ணு மாதிரி இருந்துச்சேன்னு. தெருவே கேட்டுச்சு" என்றாள். "இனிமே நான் எப்பிடி இருக்கறனோ அப்பிடி ஒரு போட்டோ போவணும். புடிச்சா வரட்டும். வூட்டு வாசல் வரைக்கும் வந்து சொல்லக் கூடாது."

இதைவிடத் தெளிவாக ஒருத்தி கேட்க முடியாது. என் கல்யாண ஆல்பத்திலும் இதே கூத்து நடந்திருக்கிறது. கழுத்துக்குக் கீழேதான் நான், மேலே யாரோ. அந்தக் கோபத்தில் நான் எழுதிய பதிவை உங்களில் பலர் பகிர்ந்திருக்கிறீர்கள். அதனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "என்கிட்ட பியூட்டி மோடெல்லாம் கிடையாது பவித்ரா. எல்லாமே நானே கையால வெக்கிறது. உள்ளது உள்ளபடி வரும்."

உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நிற்கவைத்தேன். மஞ்சள் சுடிதார், முகத்தில் காலை வெயில். திரையில் பார்த்தேன். 1/1500இல், 5300இல், அவள் இருந்தபடியே இருந்தாள். அழகாகத்தான் இருந்தாள். ஆனால் செய்யூர் வீட்டில் யாரோ ஒரு அம்மா இந்தப் படத்தைப் பார்ப்பது என் மனதுக்குள் வந்தது. பாவம், கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டுமே என்று தோன்றியது. பாவம் என்றுதான் தோன்றியது, எழுதவே கூசுகிறது. ஷட்டரை 1/500க்கு இறக்கினேன். முகம் வெளுத்தது. ஒயிட் பேலன்ஸை 4500க்குக் குறைத்தேன். தோலில் இருந்த பழுப்பு போய்ப் பால் கலந்த மாதிரி ஆயிற்று. பின்னாலிருந்த உப்பு பரலே தெரியாமல் வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. வெள்ளை எரிந்துபோகிறது என்று ஓரத்தில் எச்சரிக்கைக் கோடு வேறு வந்தது. உங்களுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன், அந்தக் கோடு வந்தால் நிறுத்துங்கள் என்று. நான் நிறுத்தவில்லை. எடுத்தேன், பவித்ராவின் எண்ணுக்கு அனுப்பினேன்.

அவள் தூக்குவாளியைக் கழுவப் போயிருந்தாள். அவள் போன் அம்மாவின் மடியில் இருந்தது. அஞ்சலை அக்கா படத்தைப் பார்த்து வாயெல்லாம் பல்லானார்.

"யம்மா, எவ்ளோ கலரா இருக்குது பாரேன் எம் பொண்ணு" என்றவர், அடுத்த நொடியே நாத்தனாருக்குத் தட்டிவிட்டார்.

பவித்ரா வந்து பார்த்தாள். படத்தைப் பெரிதாக்கி, தன் கன்னத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது நான் இல்லியேக்கா."

"வெயில் கொஞ்சம் ஜாஸ்தியா..." என்று ஆரம்பித்தேன். வெயிலின்மேல் பழியைப் போட எனக்கு எப்படி நாக்கு வந்ததோ தெரியவில்லை.

"இருக்கட்டும்டி, நல்லாத்தான இருக்குது. கல்யாணம் ஆவுற வரைக்கும் எல்லாம் அப்பிடித்தான்" என்றார் அக்கா.

"வந்து பாத்துட்டு போவாங்க. நீ மறுபடி பஜ்ஜி சுடு" என்றாள் பவித்ரா.

நான் மன்னிப்புக் கேட்டேன். இன்னொன்று எடுக்கலாம், இந்த முறை நீயே அளவு வை என்று சொல்லி போனை அவளிடம் கொடுத்தேன். எந்த அளவை நகர்த்தினால் என்ன ஆகும் என்று மட்டும் காட்டினேன். அவள் இடது கையை உப்புக் குவியலின்மேல் வைத்துத் திரையில் அதைப் பார்த்தாள். திரையில் ஒரு கை, அதற்கு அப்பால் அவள் கை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே கட்டைவிரலால் அளவுகளை நகர்த்தினாள்.

"எங்க கடையில பொடவைய வாசலுக்கு எட்துட்டு போய் பாப்பாங்க இல்ல, அந்த மாதிரிதான்" என்றாள். கொஞ்ச நேரத்தில், "இப்ப சரி" என்று போனை நீட்டினாள்.

வாங்கிப் பார்த்தேன். ஷட்டர் 1/1500. ஒயிட் பேலன்ஸ் 5300. உப்புக்கு நான் வைத்த அதே எண்கள். எனக்குத் தெரியாமல் நடந்த தவறு என்று சொல்லிக்கொள்ள எனக்கிருந்த ஒரே வழியும் அதோடு அடைபட்டது. எதையும் தொடாமல் இரண்டாவது படத்தை எடுத்தேன். நல்ல படம். அந்த நாளில் நான் எடுத்ததிலேயே நல்லது அதுதான்.

அதை அவள் அத்தைக்கு அனுப்பிய கையோடு போன் வந்தது. முதல் படத்தை அத்தை ஏற்கெனவே செய்யூருக்கு அனுப்பியாகிவிட்டது. அத்தையின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது.

"ஏய், என்னாடி ரெண்டு ரெண்டா அனுப்புற? அவங்க கேட்டா எத நெஜம்னு சொல்றது?"

பவித்ரா என்னைப் பார்த்தாள். பேச வேண்டியவள் நான்தான். போனை வாங்கி, "தப்பு என்னுதுங்க, நான்தான் வேணும்னு வெளுப்பா எடுத்தேன்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டாவதுதான் அத்த நெஜம்" என்றாள் அவள். "மொதல்ல வந்தது கேமரா கோளாறு."

அக்கா மறுபடியும் பலகையை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போய்விட்டார். கிளம்பும்போது பவித்ரா சாலை வரைக்கும் கூட வந்தாள். "ஒண்ணும் நெனச்சிக்காதீங்கக்கா" என்றாள். அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராக இடையஞ்சாவடி வந்து சேர்ந்தேன். வழியில் இரும்பை என்கிற ஊரின் கோயிலுக்குப் போவதாக இருந்தேன், போகவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பிப்ரவரியிலிருந்து மழை தொடங்கும் வரை போகலாம். காலை ஆறிலிருந்து எட்டரை வரைதான் வெளிச்சம் இதமாக இருக்கும். ஒன்பதுக்கு மேல் உப்பிலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் கண் கூசி, போன் திரையே தெரியாது. நிழல் எங்கேயும் இல்லை. இரண்டு லிட்டர் தண்ணீரும் ஒரு தொப்பியும் கட்டாயம். உப்புக் காற்று லென்ஸில் படியும், ஈரத்துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். வெள்ளை எரியும் எச்சரிக்கைக் கோட்டை மதியுங்கள். ஆட்களை எடுத்தால் படத்தை அங்கேயே காட்டுங்கள். அவர்கள் கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் தவறு கையில் இல்லை.

பியூட்டி மோடை அணைத்துவிட்டால் போதும் என்று முன்பு ஒரு பதிவில் எழுதியிருந்தேன். போதாது. எனக்குள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, அது எனக்கே தெரியவில்லை.

போன வாரம் தயங்கித் தயங்கிப் பவித்ராவுக்குச் செய்தி அனுப்பினேன், செய்யூரிலிருந்து வந்தார்களா என்று. வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது. பின்னால் கடையின் சத்தம்.

"வரலக்கா. மொத போட்டோவுல இருக்கற பொண்ணுன்னா வர்றோம்னு சொன்னாங்களாம். பரவால்ல வுடுங்க, வாசல் வரைக்கும் வரல இல்ல."

அந்த முதல் போட்டோ பெண் மரக்காணத்தில் இல்லை, எந்த ஊரிலும் இல்லை. 1/500லும் 4500லும்தான் இருந்தாள். என் போனிலிருந்து அவளை அழித்துவிட்டேன். செய்யூரில் ஒரு வீட்டில் இன்னும் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேமராவில் ஒரு கோளாறும் இல்லை என்று பவித்ராவிடம் எண் வாங்கி அவள் அத்தைக்கு நேற்று போன் செய்து சொல்லிவிட்டேன்.

"இப்ப எதுக்கும்மா அத சொல்ற?" என்று கேட்டார்.