டேப்புக்கு வைத்த பொட்டு

தொண்ணூறுகளில் ராமநாதபுரத்தில் ஒரு கடல் ஆய்வு அலுவலகத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. யூனிக்ஸ் மெஷின். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தைத் தவிர வேறொன்றும் இருக்காது. அதோடு எனக்கு ஒத்துப்போனது, மனிதர்களோடுதான் கொஞ்சம் கஷ்டம்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்த அன்று ஹார்ட் டிஸ்க் உயிரை விட்டிருந்தது. கடலாடிப் பக்கத்து ஆராய்ச்சி மாணவி ஒருத்தியின் உழைப்பு முழுவதும் அதில்தான் இருந்தது. மூன்று வருஷம் பாம்பனில் படகேறி அளந்த கடல்நீரின் சூடும் உப்பும். விவசாயக் குடும்பம். இந்த வருஷம் படிப்பை முடிக்காவிட்டால் கல்யாணம் என்று அவளுடைய அய்யா கெடு வைத்திருந்தார்.

"டேப்புல இருக்குல்லண்ணே?" என்றாள்.

"ரெண்டு காப்பி இருக்கு. பதறாம இங்கன உக்காரு."

டிஸ்கில் இருப்பதை நகலெடுத்து வைத்திருந்த, கேசட் மாதிரியான டேப்பைச் செருகி மெஷினைப் படிக்கச் சொன்னேன். டிரைவ் கரகரத்தது. படிக்க முடியவில்லை என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றுபோனது.

எல்லாம் இந்த உப்புக் காற்றால் என்று கடலைத் திட்டினேன். டேப்பைக் கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றி இறுக்கினேன். பழுதான இடத்தைத் தாண்டிப் படிக்கும்படி கட்டளை கொடுத்தேன். முதல் வருஷத்து அளவுகள் மட்டும் வந்தன. பிறகு அதே வரி. இரண்டாவது டேப் அந்த அளவுக்குக்கூட வரவில்லை.

டிரைவைத் திறந்து, டேப் உரசும் ஹெட்டை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். பஞ்சு மஞ்சளும் சிவப்புமாக வந்தது. முகர்ந்தால் சந்தனம். டேப்பின் வாயிலும் காய்ந்து உதிர்ந்த அதே பொடி. நாடா நெடுகக் கீறல்.

"எந்த மடையன்யா சாமி கும்புடுறேன்னு டேப்புக்கெல்லாம் பொட்டு வச்சது?" என்று அலுவலகமே கேட்கக் கத்தினேன்.

அவள் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்துக்கும் இல்லண்ணே. என்னோட ரெண்டுக்கு மட்டுந்தான் வச்சேன்."

அன்று மாலைவரை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அந்த முதல் வருஷத்துக்கு மேல் ஒன்றும் தேறவில்லை.

தை மாதம் அவளுடைய கல்யாணப் பத்திரிகை வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. நான் போகவில்லை.