பொம்மைக் கன்னத்துப் பள்ளம்

எனக்கு எழுபத்திரண்டு வயசு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை.

படூரில் ஒரு டீச்சரம்மா வீட்டில் வேலை செய்தேன். கொலுவுக்காகப் பொம்மைகளைத் துடைத்தபோது ஒன்றின் கன்னத்தில் பள்ளம் இருந்தது. அழகாக இருக்கட்டுமே என்று மைதாப் பசையால் அடைத்து, பவுடர் பூசி, பெருமையாகக் காட்டினேன்.

டீச்சரம்மா அலறிவிட்டார். "ஐயோ ஆயா, என்ன பண்ணிட்டீங்க? செத்துப்போன என் பொண்ணு சின்னதுல கடிச்ச இடம் அது!"

ஐந்து பிரசவத்திலும் அப்படிப் பயந்ததில்லை. "பசையோட தடமும் போயிட்டா நான் இன்னா பண்ணுவேன் தாயி?" என்றேன். ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். நாலு குட்டிப் பல் தடம் தெரிந்தது. அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

அந்தப் பொம்மையை டீச்சரம்மா மேல்படியில் வைத்தார். அதைவிட அழகாக அங்கே எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பேத்தி, சொன்னதை அப்படியே எழுதினியா? படிச்சுக் காட்டு கண்ணு. என் தப்பை எங்கயாவது அழகு பண்ணியிருந்தா அழிச்சிடு.