குடுவை மேல் வந்த பொறாமை

ஒரு சின்னக் குடுவையைப் பார்த்து வயிறெரிந்தவன் நான்.

என் மனைவி கிருமாம்பாக்கம் பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில், பிரசவத்தில் கிடைக்கும் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து செல் வளர்க்கிறாள். மாட்டுப் பொங்கலன்றும் கிளம்பிவிட்டாள்.

"இன்னிக்குமா?"

"அதுங்களுக்கு சாப்பாடு மாத்தணுங்க. இல்லன்னா செத்துப்பூடும்."

கொம்புக்கு வர்ணம் அடிப்பதைப் பாதியில் விட்டுவிட்டு, வீம்புக்கு நானே வண்டியில் கூட்டிப்போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் பெட்டியிலிருந்து குடுவையை எடுத்து, பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றினாள். பிறகு மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் சிரித்தாள். கல்யாணமான புதிதில் எனக்குக் கிடைத்த சிரிப்பு அது.

"நல்லா புடிச்சி வளருதுங்க," என்றபடி வெளியே வந்தாள். நான் வண்டியைக் கிளப்பினேன்.

திரும்பும் வழியில் எங்கள் நாற்றங்காலில் வண்டியை நிறுத்தி, மடையைத் திறந்துவிட்டேன். பச்சை கட்டியிருந்த நாற்றைக் கையால் தடவினேன். சிரித்திருப்பேன் போலிருக்கிறது.

"போதும், வாங்க," என்றாள் வரப்பிலிருந்து. "அதப் பாத்து இளிக்கறீங்களே, என்னைப் பாத்து ஒருநாளாச்சும் சிரிச்சீங்களா?"

அந்தக் குரலில் இருந்த எரிச்சலைத்தான் காலையிலிருந்து நானும் சுமந்துகொண்டிருந்தேன்.

குடுவை மேல் இன்னும் பொறாமை உண்டு. ஆனால் பண்டிகை நாளில் அவள் கிளம்பினால், வண்டிச் சாவியை நான்தான் முதலில் எடுக்கிறேன்.