கிணறு இல்லாத கிணற்றுத் தெரு

நேற்று மத்தியானம் சோற்றில் கை வைத்த நேரம் பார்த்து கூரியர்த் தம்பி ஒருவர் போன் செய்தார். "சார், கிணத்துத் தெருவுலதான் நிக்கிறேன். கிணறு எங்க கீது?" கிணறு இருந்தால்தானே சொல்ல? "செல்போன் கடை வாசல்ல நில்லுப்பா, வரேன்" என்று கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன்.

தெருமுனையில் புதிதாக நீலப் பலகை வைத்திருக்கிறார்கள். அச்சடித்த எழுத்து, பெயிண்ட் வாசனையே இல்லை. வாசனை இல்லாததைப் பலகை என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. அந்த இடத்தில் முதல் பலகை எழுதியவன் அடியேன்தான். எழுபதுகளின் கடைசியில், உத்திரமேரூரில், ஆர்ட்டிஸ்ட் என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டு லாரிகளின் முதுகில் 'ஒலி எழுப்பவும்' எழுதிக்கொண்டிருந்த காலம்.

அதுவரை எங்கள் தெருவுக்கு ஒரு சாதியின் பெயர்தான். தெருப் பெயரில் சாதி கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட, புதுப் பெயர் வேண்டியிருந்தது. உடனே அருணாசல நைனா சலவை வேட்டியில் டீக்கடைக்கு வந்துவிட்டார். தெருவுக்கென்று கிணறு வெட்டிக் கொடுத்தவர். தண்ணீர் கொஞ்சம் உப்பு. அவர் காதுபட யாரும் அதைச் சொல்வதில்லை. "நானா கேக்கல. ஜனங்க ஆசப்பட்டா எம்பேர வச்சிக்கட்டும்" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். என்னிடம் மட்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக வரும் என்று விசாரித்தார்.

ரேடியோ ரிப்பேர் தனசேகருக்கோ தன் கட்சித் தலைவர் பெயர்தான் வேண்டும். வேறு ஊராக இருந்தால் கை தூக்கச் சொல்லி முடித்திருப்பார்கள். நாங்கள் உத்திரமேரூர்க்காரர்கள் ஆயிற்றே! குடத்தில் ஓலை போட்டுத் தேர்தல் நடத்திய விதியை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கோயில் சுவரில் வெட்டி வைத்த ஊர். பிள்ளையார் கோயில் எதிரே குடம் வந்தது. சீட்டு எழுதியதும் நான்தான்.

சீட்டைப் போடப்போகும்போது தனசேகர் மறித்தார். "குடவோலைன்னா சட்டமும் அதேதான். வயசு எழுவது தாண்டக் கூடாது, கல்லுல கீது. நைனாவுக்கு இன்னா வயசு?"

நைனாவுடைய எண்பதாம் கல்யாணத்தில் தெருவே சாப்பிட்டிருந்தது. தனசேகர் பாயசத்தை மறுபடி கேட்டு வாங்கியவர். ஆனால் அவரையும் யாரும் விடவில்லை. "சொந்த மனையில வூடு இருக்கணும்னுகூடத்தான் கல்லுல கீது. உன் தலைவருக்கு இங்க வூடு எங்க கீது?" இரண்டு சீட்டும் செல்லாது. காலிக் குடத்தைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம்.

நைனா வீட்டுக்குப் போய், சாப்பாடு வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாராம். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த எனக்குச் சங்கடமாகிவிட்டது. போன பிறகும் நாலு பேர் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று அந்த மனிதர் ஆசைப்பட்டார், அவ்வளவுதான்.

மறுநாள் அவர் மருமகள் ராஜேஸ்வரி அக்கா நேரே டீக்கடைக்கு வந்தார். "கெணத்துத் தெருன்னு வையுங்க. கெணத்துக்கு எழுவது ஆவல. சொந்த மனையிலதான் கீது. கேக்கறவன் யார் வெட்னதுன்னும் கேப்பான் இல்ல? அப்ப மாமா பேரச் சொல்லித்தானே ஆவணும்?" தனசேகரே தலையை ஆட்டிவிட்டார். சேதி போனதும் நைனா எழுந்து தோசை கேட்டாராம்.

நான் பலகை எழுதும்போது பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், போகிறவர் வருகிறவர் கேட்க மாட்டார்களா என்று. கேட்டார்கள். சொல்லச் சொல்லக் கிணறு இன்னும் கொஞ்சம் ஆழமாகிக்கொண்டே போனது.

பிறகு நைனா போனார். குழாய் வந்தது. கிணற்றில் குப்பை விழுந்து, கடைசியில் அதையும் தூர்த்துக் கடை கட்டிவிட்டார்கள்.

கூரியர்த் தம்பி அந்தக் கடை வாசலில்தான் நின்றிருந்தார். "நீ நிக்கிற எடம்தாம்பா கிணறு" என்றேன். குனிந்து காலடியைப் பார்த்தார். யார் வெட்டியது என்று கேட்பார் எனக் காத்திருந்தேன். கேட்கவில்லை.

"அருணாசல நைனா வெட்னது" என்று நானாகவே சொன்னேன்.

"சரி சார். ஓடிபி சொல்லுங்க" என்றார்.