பதினோரு மீட்டர்

புனேயில் கேம்ப் பகுதிப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் கட்டட இன்ஜினியர். இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. ஊரின் மேற்கே பாணேரில் வரிசையாக அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் அவருக்கு வேலை.

ஒரு புதன்கிழமை காலை, ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டே சொன்னார்: "நாலாவது மாடி ஸ்லாப் போட்டாச்சு. அங்க நின்னா மலையெல்லாம் தெரியுது. ஞாயித்துக்கிழமை உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

அன்று மதியம் அதே மாடியில் சாரப் பலகை சரிந்து கீழே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து வகுப்புக்குத் திரும்பினேன். அடுத்த பாடம் நிலை ஆற்றலும் இயக்க ஆற்றலும். தள்ளிப்போட்டிருக்கலாம், அப்போது தோன்றவில்லை.

டஸ்டரை உயர்த்திப் பிடித்தேன். மேலே ஒரு பொருள் சும்மா இருக்கும்போதே அதில் ஆற்றல் சேர்ந்திருக்கிறது என்றேன். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் அதன் அளவு கிடைக்கும். விழ விழ அது இயக்க ஆற்றலாக மாறும். பாதி வழியில் பாதி, தரையைத் தொடும் கணத்தில் முழுவதும். வருடாவருடம் சொல்லும் வரிகள்தான். டஸ்டரை விட்டேன்.

எழுபது கிலோ. பதினோரு மீட்டர். நான் கேட்காமலேயே மனம் பெருக்கிவிட்டது. ஏழாயிரத்து எழுநூறு ஜூல். அந்த மாடியில் நின்று டிபன் டப்பாவைத் திறந்த ஒவ்வொரு நாளும் அது அவரிடம் இருந்திருக்கிறது. பத்து வருடமாக இதைச் சொல்லிக்கொடுத்த எனக்கு ஒருநாள்கூட உறைக்கவில்லை.

முன்வரிசைப் பெண் எழுந்தாள். "மிஸ், கீழ விழுந்து நின்னதுக்கப்புறம் அந்த எனர்ஜி எங்க போகும்?"

சத்தமாக, சூடாக, விழுந்த பொருளின் உடைசலாக. பதில் தெரியும். "நாளைக்குச் சொல்றேன்," என்று எப்படியோ முனகிவிட்டு லேபுக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

வேதியியல் எடுக்கும் மராத்திக்கார டீச்சர் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார். "ரோ லோ," என்றார் இந்தியில். அழுதுவிடு என்று. அதுவரை எல்லோரும் அழாதே என்றுதான் சொல்லியிருந்தார்கள். அவர் தோளில் சாய்ந்து, மணி அடிக்கும்வரை அழுதேன்.

மறுநாள் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொன்னேன். ஒலியாகவும் வெப்பமாகவும் மாறும் என்று மட்டும். மூன்றாவதைச் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டிலிருந்து அந்தப் பாடத்தை வேதியியல் டீச்சரே எடுத்துக்கொண்டார். பதிலுக்கு அவருடைய அமிலம், காரம் பாடத்தை நான் நடத்தினேன். அவர் ஓய்வு பெறும்வரை அப்படியே நடந்தது.