பதினொரு சென்சார் காத்த சந்திரலேகா

சந்திரலேகா அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் ஒரு முறுக்கு டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குள் பதினொரு சென்சார் இருந்தது. ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன், நுனியில் நீலத் தொப்பி, பின்னால் ஒரு முழ ஒயர். பக்கத்தில் இரும்பு வந்தால் 'வந்துவிட்டது' என்று மெஷினுக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. எங்கள் கம்பெனியில் தன் வேலை இன்னதென்று தெரிந்து அதை மட்டும் செய்கிற ஜீவன் அது ஒன்றுதான்.

கம்பெனி வல்லம் வடகாலில் இருக்கிறது. பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். காரின் பிரேக் மிதியைத் தாங்குகிற தகடு அடிக்கிறோம். நாலு ப்ரெஸ் மெஷின். மூன்று புதுசு. நாலாவது வேறு ஏதோ தேசத்தில் இருபது வருஷம் உழைத்துவிட்டு செகண்ட் ஹேண்டில் கப்பலேறி வந்தது. ஆனால் பாதி உற்பத்தி அதன் தலையில்தான். அதற்கு இந்த நீலத் தொப்பி சென்சார்தான் வேண்டும். அதைச் செய்துகொண்டிருந்தவன் எட்டு வருஷத்துக்கு முன்பே 'இனி செய்யமாட்டோம்' என்று கடிதம் போட்டுவிட்டுக் கழன்றுகொண்டான். புது மாடலை மாட்டினால் மெஷின் ஏறெடுத்தும் பார்க்காது. அதன் கன்ட்ரோல் பெட்டியையே மாற்ற வேண்டும், அதற்குப் பத்து நாள் மெஷினை நிறுத்த வேண்டும். பத்து நாள் நிறுத்தச் சம்மதிக்கிற மேனேஜர் இன்னும் பிறக்கவில்லை.

அக்கா பென்னலூர்க்காரர், எங்கள் ஸ்டோர் கீப்பர். வீட்டுக்காரர் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறார், இரண்டு பெண் பிள்ளைகள். பேக்கிங்கில் அட்டைப் பெட்டி ஒட்ட வந்தவரை, ஸ்டோரில் ஆள் இல்லாத ஒரு வாரத்துக்கு என்று உட்கார வைத்தார்கள், ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. இரண்டாயிரம் பார்ட் நம்பர் மனப்பாடம். ஆனாலும் கான்ட்ராக்ட்தான். எங்கள் இடத்தில் ஆயுத பூஜைக்குப் பெர்மனென்ட் ஆளுக்கு அரைக் கிலோ ஸ்வீட், கான்ட்ராக்ட் ஆளுக்குப் பொரி. ஒன்பது வருஷமாகப் பொரி வாங்கிய அந்த மனுஷிக்கு ஒருவழியாக ஹெச்.ஆர். ஒரு வாக்கு கொடுத்தது. அடுத்த இரண்டு மார்ச் ஆடிட்டிலும் ஸ்டோரில் ஒரு செத்த சரக்குகூட இல்லை என்றால் பெர்மனென்ட்.

ஆறு மாதம் அசையாமல் கிடக்கும் எந்தச் சாமானும் கம்பெனி பாஷையில் செத்த சரக்கு. நீலத் தொப்பி சென்சார் சுலபத்தில் கெடாது, ஆகவே அசையாது, ஆகவே செத்தது. தூக்கிப் போட்டுவிடலாமே என்பீர்கள். அக்காவுக்கு முன்னால் ஸ்டோரில் இருந்த வனமாமலை அப்படித்தான் சொன்னபடி கேட்டு ஒரு பழைய வால்வைக் கழித்துவிட்டார். மூன்றாம் வாரம் மெஷின் நின்றது. 'ஏன் கழித்தாய்' என்று அவரை அனுப்பிவிட்டார்கள். வைத்திருந்தால் பெர்மனென்ட் போச்சு, கழித்தால் வேலையே போச்சு. இப்படி ஒரு சட்டத்தை யோசித்து எழுத வேண்டுமென்றால் அதற்குத் தனி மூளை வேண்டும் ஐயா.

நான் யாக்கோபு. மெயின்டெனன்ஸ் எலெக்ட்ரீஷியன், அப்போது நானும் கான்ட்ராக்ட். ஒரு மாதம் ஐந்தாம் தேதி காலையில் அக்கா ஜன்னல் வழியாக ஒரு சென்சாரை நீட்டினார்.

"இந்தா, புடி. நாலாம் ப்ரெஸ் வரைக்கும் எடுத்துக்கினு போ. நாளைக்கு கொண்டாந்து குடுத்துடு."

"என்னத்துக்குக்கா? மெஷின் நல்லாத்தான ஓடுது."

"ஓடட்டும். இது ஸ்டோரை வுட்டு வெளிய போச்சின்னு கம்ப்யூட்டருக்குத் தெரியணும். அப்பால ஆறு மாசத்துக்கு யாரும் இத்த செத்துப்போச்சின்னு சொல்ல முடியாது."

"அதுக்கு எதுக்கு நான் சுமக்கணும்? சும்மா எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுதேன்."

"இன்னா பேசுற நீ? நா பொய் என்ட்ரி போடுறவளா? ஒயுங்கா எடுத்துக்கினு போய் மெஷினாண்ட காட்டிட்டு வா!"

அன்றிலிருந்து மாதாமாதம் ஐந்தாம் தேதி சென்சார் புறப்பாடு. எங்கள் ஊர் மாதா சப்பரம் தெருவைச் சுற்றி வருவதுபோல, நான் அதைக் கையில் ஏந்தி நாலாம் ப்ரெஸ் வரைக்கும் போய், மெஷினுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்புவேன். மறுநாள் ரிட்டர்ன் சீட்டு. ஒன்று அசைந்தாலே பதினொன்றும் உயிரோடு இருப்பதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போதும்தான். அக்காவுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. சென்சாருக்கெல்லாம் நகப்பூச்சில் நம்பர் போட்டு வைத்திருந்தார். "போன மாசம் மூணு போச்சு, இந்த மாசம் நாலு" என்று முறை தவறாமல் எடுத்துக் கொடுப்பார்.

பதினொரு மாதம் நிம்மதியாகப் போனது, முதல் மார்ச் ஆடிட்டும் தாண்டியாயிற்று. பிறகு ரகுபதி சார் புது மேனேஜராக வந்தார். வந்தவர் சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டினார். எந்தச் சாமான் எவ்வளவு செலவாகிறது என்று அதில் சிவப்பும் பச்சையுமாக ஓடும். முதல் நாளே நீலத் தொப்பி சென்சார் சிவப்பில் முதலிடம் பிடித்தது. வெளியே போன சீட்டு மட்டும்தான் அந்தத் திரைக்குத் தெரியும். திரும்பி வந்த சீட்டு வேறு பக்கத்தில் இருந்தது, அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை.

"பன்னெண்டு மாசத்துல பன்னெண்டு சென்சார் ஃபெயிலியர்! என்ன நடக்குது இங்க?" என்று சார் மேஜையைத் தட்டினார். ஆறு பேர் கமிட்டி போட்டார்கள். அதில் என்னையும் சேர்த்தார்கள். கெடாத சென்சார் ஏன் கெட்டது என்று ஐந்து தடவை 'ஏன்' கேட்டு அறிக்கை எழுத வேண்டும். உண்மையைச் சொன்னால் அக்காவின் பெர்மனென்ட் போய்விடும். ஆகவே எழுதினேன். ஏன் கெட்டது? ஆயில் தெறிக்கிறது. ஏன் தெறிக்கிறது? பக்கத்தில் ஆயில் குழாய். ஏன் பக்கத்தில்? மெஷின் அப்படி. ஏன் அப்படி? வாங்கும்போதே அப்படி. ஐந்தாவது ஏனுக்கு எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. 'மூடி இல்லை' என்று எழுதிவிட்டு எழுந்துவிட்டேன்.

அதைப் பிடித்துக்கொண்டார் சார். ஆகஸ்டில் நாலாம் ப்ரெஸ் சென்சாருக்கு ஸ்டீலில் பளபளவென்று மூடி மாட்டப்பட்டது. ரிப்பன்கூட வெட்டினார்கள். அன்றே அக்காவுக்கு உத்தரவு வந்தது. இனி அந்த சென்சார் ஸ்டோரை விட்டு வெளியே போகக் கூடாது, திரையில் பூஜ்யம் தெரிய வேண்டும்.

ஜனவரியில் அக்கா போய்க் கெஞ்சினார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"சார், ஒரே ஒரு தபா வெளிய குடுத்து வாங்கிக்கிறேன் சார். மார்ச் வந்தா ஏழு மாசம் ஆயிடும், செத்த சரக்குல போயிடும்."

"சீரோ மெயின்டெயின் பண்ணணும் மேடம். ஹெட் ஆபீஸ்ல அவார்டுக்குப் பேர் போயிருக்கு."

பிப்ரவரியில் அவார்டு வந்தது. கெடாத சாமானைக் கெடாமல் பார்த்துக்கொண்டதற்கு ஒரு கண்ணாடிக் கேடயம். ரிசப்ஷனில் வைத்திருக்கிறார்கள்.

மார்ச் ஆடிட்டுக்கு ஹெட் ஆபீஸிலிருந்து காந்திமதி மேடம் வந்தார். ஸ்டோர் முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தார். ஒரு குறை இல்லை, முறுக்கு டப்பாவைத் தவிர. அக்கா எதையும் மறைக்கவில்லை. ஐந்தாம் தேதிப் புறப்பாடு, நகப்பூச்சு நம்பர், எல்லாவற்றையும் சார் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "பதினொண்ணு இருந்துச்சு. பன்னெண்டு செலவாச்சு. புதுசா வாங்கவே இல்ல. இன்னும் பதினொண்ணு இருக்கு. கமிட்டியில ஆறு பேர்ல ஒருத்தர்கூடவா கழிச்சுப் பாக்கல?"

"கழிச்சுப் பாக்கறது அஜெண்டாவுல இல்ல மேடம்," என்றார் ரகுபதி சார். பிறகு சுதாரித்துக்கொண்டார். "எப்படியும் மூடி போட்டாச்சு. இனி சென்சார் கெடாது. ஸ்பேரே தேவையில்ல. ஸ்கிராப் பண்ணிடலாம்."

மேடம் அக்கா பக்கம் திரும்பினார். "ஸ்கிராப் சீட்டுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்கம்மா. உங்க பெர்மனென்ட் ஆர்டர் என் பையிலயே இருக்கு. இப்பவே குடுத்துட்டுப் போறேன்."

போடுங்க அக்கா, போட்டுத் தொலையுங்க என்று உள்ளுக்குள் கத்தினேன். அக்கா பேனாவை எடுத்தார், சீட்டைப் பார்த்தார், அதை அப்படியே சார் பக்கம் தள்ளினார்.

"நாலாம் ப்ரெஸ்ஸுக்கு ஸ்பேர் தேவையில்லன்னு நீங்க ஒரு வரி எழுதி கையெழுத்து போட்டுக் குடுங்க சார். அடுத்த நிமிஷம் நா போடுறேன்."

மூடி மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்த மனுஷன் பேனாவைத் தொடவில்லை. அது மெயின்டெனன்ஸ் முடிவு என்றார். மெயின்டெனன்ஸ், பர்சேஸ் முடிவு என்றது. பர்சேஸ் இன்ஜினியர் அன்று லீவு. சீட்டு மேஜையைச் சுற்றி வந்து, போன மாதிரியே வெள்ளையாக அக்காவிடம் திரும்பி வந்தது. கடைசியில் டப்பாவுக்கு மேடம் சீல் வைத்தார். முடிவு வரும் வரை யாரும் திறக்கக் கூடாது. அக்காவின் ஆர்டரும் அதே முடிவு வரும் வரை பையிலேயே இருக்கும்.

"உங்களுக்கு கிறுக்கு பிடிச்சிருக்காக்கா? ஒரு கையெழுத்துல முடிஞ்சிருக்குமே!" என்று வெளியே வந்து சண்டை போட்டேன்.

"போட்டுட்டு? அது நின்னா இன்னாடா பண்ணுவ? உன் தலையவா மாட்டுவ?"

நின்றது. ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு. அவார்டு வாங்கிய மூடிதான். அதிர்ந்து அதிர்ந்து ஸ்குரூ கழன்று, சரிந்து, இறங்கி வந்த ப்ரெஸ் அதன் மேல் மோதி, மூடியும் சென்சாரும் சேர்ந்து நொறுங்கின. ஒரகடத்தில் கார் கம்பெனியின் லைன் எங்கள் தகட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு போன். சீலைத் திறக்க அனுமதி கேட்டு ரகுபதி சார் காந்திமதி மேடத்துக்கு மெயில் போட்டார். மேடம் விமானத்தில் இருந்தார். "ரிப்ளை வரட்டும்" என்று சார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் ஸ்டோருக்கு ஓடினேன். "ஏக்கா, உடைச்சுக் குடுங்க."

"சீலை உடைச்சா என்னை வச்சிருப்பானுங்களா?"

"நான் சொன்னேன்னு சொல்லிருங்க. எதுன்னாலும் நான் பாத்துக்கிடுதேன். எம்மேல சத்தியமா!"

அக்கா என் முகத்தைப் பார்த்தார். கத்திரிக்கோலை எடுத்தார். ஏழாம் நம்பர் சென்சார் என் கைக்கு வந்தது. சீட்டில் காரணம் என்ற இடத்தில் 'உடைந்தது' என்று எழுதினார். இருபத்திரண்டு நிமிஷத்தில் மெஷின் ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள், எனக்குத்தான்.

மறுநாள் விசாரணை. சீலை உடைத்தது யார்? அக்கா. யார் சொல்லி? "யாக்கோபுவையே கேளுங்க சார்," என்றார் அக்கா. ரகுபதி சார் என்னைப் பார்த்தார். அவர் மேஜையில் என் பெயர் போட்ட ஒரு கவர் இருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பச்சைப் பொய். இருபத்திரண்டு நிமிஷத்தில் மெஷினை ஓட வைத்தவனுக்குக் கம்பெனி நன்றியாகக் கொடுக்கும் பெர்மனென்ட் ஆர்டர் அது என்று காலையிலேயே என் காதுக்கு வந்துவிட்டது.

"சென்சார் வேணும்னுதான் சார் கேட்டேன். சீலை உடைக்கச் சொல்லல," என்றேன்.

அக்காவை நாளை முதல் அனுப்ப வேண்டாம் என்று கான்ட்ராக்டருக்குப் போன் போனது. கடிதம்கூடக் கிடையாது, கான்ட்ராக்ட் ஆளுக்கு எதற்குக் கடிதம்? சாயங்காலம் நான் கவரை வாங்கிக்கொண்டேன். யாரைத் திட்ட வேண்டும் என்று இவ்வளவு நேரம் உங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேனே, அந்த வரிசையில் முதல் ஆள் நான்தான். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் மளிகை ஸ்டோர் பார்த்துக்கொள்கிறாராம். ஒதுங்கிப் போகத்தான் நினைத்தேன். அவரே கூப்பிட்டார்.

"ஆர்டர் வந்துடுச்சாமே?"

"வந்துட்டுக்கா."

"நல்லா இரு. மிச்சம் பத்து சென்சார் பத்திரமா இருக்குதா?"

சீல் உடைந்த டப்பாவில் இருப்பதை ஆடிட் ஏற்றுக்கொள்ளாதாம், அதனால் போன வாரம் பத்தையும் ஸ்கிராப் லாரியில் கொட்டிவிட்டார்கள் என்று மென்று விழுங்கிச் சொன்னேன். தன் வேலை போனபோது கலங்காத முகம் அப்போது கலங்கியது.

"லாரியில கொட்டுனப்ப நீ எங்க இருந்த?"

"அங்கதான்க்கா. நின்னுட்டு இருந்தேன்."

"அன்னிக்கி விசாரணையிலயும் அங்கதான நின்னுக்கினு இருந்த," என்று சொல்லிவிட்டு அக்கா பென்னலூர் ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.